ஈரத்தைச் சூடென்று படித்த நிரல்

தொழிற்சாலையின் வாட்டும் தட்டில், சூடான காற்றில் இரவெல்லாம் வாடியிருக்க வேண்டிய தேயிலைக் கொழுந்து காலையிலும் ஈரமாய்க் கிடந்தது. புளித்த வாடை வேறு. தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் பரமலிங்கம் வாட்டு வேலை பார்க்கும் இராமையாவைப் பிடித்துக்கொண்டார்.

"சூட்டை நிப்பாட்டிப்போட்டு நித்திரை கொண்டனியோ?"

"இல்லீங்கய்யா, தானா நின்னுச்சு. அள்ளிப் பாத்தேன், ஈரமாத்தான் இருந்துச்சு. கம்ப்யூட்டர் பாத்துக்கும், கைய வைக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மிசின் பொய் சொல்லுமோ? நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம், போ!"

கணினி முன்னால் இருந்த கிஷாந்தனுக்குக் காது சுட்டது. பதுளையிலிருந்து வந்து, கணினியே சூட்டைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஏற்பாட்டைச் செய்தவன் அவன்தான்.

காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து, கோர்பா என்ற இணைப்பு முறையில் மற்றக் கணினிகளுக்குச் சொல்லும் மென்பொருள் வேறொரு கணினியில் ஓடியது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் அவனுடைய சிறு நிரல் பைதான் மொழியில் இருந்தது. இரண்டையும் இணைக்க இரண்டு வழிகள். மறுபக்கத்திடம் ஒவ்வொரு தடவையும் "உன்னிடம் என்னென்ன உண்டு?" என்று கேட்டு, பெயர் பார்த்து வாங்குவது ஒன்று; அதை எழுத நாளாகும். எண்கள் வரும் ஒழுங்கைச் சொல்லும் வரையறைக் கோப்பிலிருந்து இணைப்பை முன்கூட்டியே செய்துவைப்பது மற்றது. அதில் எண்கள் பெயரில்லாமல் வரும். முதலாவது வெப்பம், அடுத்தது ஈரம் என்று வரிசையை நம்பித்தான் படிக்க வேண்டும். இரண்டே நாளில் முடிப்பேன் என்று பெருமையடித்திருந்ததால், அந்த வழியையே பிடித்தான்.

மூன்று வாரம் முன்பு, 2001 ஆவணியில், கொழும்பிலிருந்து அந்த அளவை மென்பொருளின் புதிய பதிப்பும் புதிய வரையறைக் கோப்பும் வந்தன. வரிசை மாறியிருந்தது. கிஷாந்தன் கோப்பைத் திறக்கவில்லை. பதிப்பைப் போட்டு, ஓட்டிப் பார்த்தான். வறண்ட காற்று வீசும் நாட்கள்: வெப்பம் முப்பத்தொன்று, ஈரம் முப்பத்து நாலு. இடம் மாறி நின்றும் வித்தியாசம் தெரியவில்லை. நேற்று மாலை பெரகலப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறியது. ஈரம் எண்பத்திரண்டு. அதை வெப்பமென்று படித்த நிரல், கொழுந்து கருகாதிருக்கச் சூட்டை அணைத்துவிட்டது. திரையில் இரவுப் பதிவைப் பார்த்தபோதுதான் கிஷாந்தனுக்கு அது பிடிபட்டது.

"ஐயா, பிழை என்ர. அவர் ஒண்டும் செய்யேல்லை."

பரமலிங்கம் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "பேசாமல் இரும் தம்பி. தோட்டத்துத் துரைக்குத் தெரிஞ்சால் உம்மட வேலையும் போம். அவனுக்கு வேற இடம் கிடைக்கும்."

ஒரு கணம் கிஷாந்தனுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தபோதுதான் உடம்பே கூசியது. இராமையா ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நில்லுங்கோ. ரெண்டு பேரும் துரையிட்டப் போவம். புதுக் கோப்பை நான் திறந்தே பாக்கேல்லை எண்டு சொல்லுறன்."

இராமையா திரும்பிப் பார்த்தார். "தொறக்கவே இல்லீங்களா?"

இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, அவர் முகத்தைப் பாராமல், துரையின் ஆபீசுக்குப் போகும் படியில் கிஷாந்தன் முன்னால் இறங்கினான்.