உதயகலா எழுதின நாலு சொல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. வணிகர் சங்கத்து ஆண்டுமலருக்கு, 'சிறுதொழில் கூட்டங்களைத் தொழில்நுட்பத்தால் சீர்செய்வது எப்படி' என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். எங்கள் புத்தூரிலேயே இராசநாயகம் அண்ணையின் பழரசக் கொம்பனி இருக்க, உதாரணம் தேடி நான் ஏன் அலைய வேண்டும்? உட்கார்ந்து தொடங்கினேன்: "இன்றைய காலகட்டத்தில் இணையவழிப் பகிர்வுக் கருவிகளின் பயன்பாடானது..."

அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே பொறுமை இல்லை. வாசிக்கிற உங்களுக்கு எங்கிருந்து வரும்?

இன்னொரு வேலையும் செய்தேன். நான் எழுதுகிற பக்கத்தை அந்தக் கொம்பனி ஆட்களோடு பகிர்ந்துகொண்டேன். நான் எழுத எழுத அவர்கள் தங்கள் கைபேசியில் பார்க்கலாம், ஓரத்தில் குறிப்பும் போடலாம். பிழை விட்டால் திருத்தட்டுமே என்று பெருந்தன்மையாக நினைத்தேன். பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

2

இரண்டாவது தொடக்கம். இராசநாயகம் அண்ணைக்கு ஐம்பத்தெட்டு வயது. முந்திரிகைப் பழத்தைப் (திராட்சைதான், எங்கள் ஊரில் அதற்கு இதுதான் பெயர்) பிழிந்து போத்தலில் அடைத்து விற்கிறார். அவரோடு சேர்த்து ஏழு பேர். திங்கட்கிழமை காலையில் கூட்டம். முன்பெல்லாம் அவர் ஒன்றரை மணித்தியாலம் கதைப்பார், மற்ற ஆறு பேரும் "ஓம் அண்ணை" என்று தலையாட்டுவார்கள். "வேறை ஆருக்கும் ஏதும் சொல்லக் கிடக்கோ?" என்று கடைசியில் கேட்பார். கேட்டுக்கொண்டே கதிரையை விட்டு எழும்பிவிடுவார்.

[இராசநாயகம்: ஒண்டரை இல்லை. ஒண்டேகால்.]

இதை மாற்றியவள் அவருடைய மகள் கோபிகா. சொல்ல நினைப்பதை ஞாயிறு பின்னேரத்துக்குள் அவரவர் கைபேசியிலிருந்தே ஒரு பொதுப் பக்கத்தில் எழுத வேண்டும். பெயர் போடத் தேவையில்லை. மறுநாள் அந்தப் பக்கம் சுவரிலுள்ள ரீவியில் தெரியும், அதில் இருப்பதை மட்டும்தான் கதைப்பது. லொறியோடு தெருவில் நிற்கிற சாரதி றியாஸ்கூட கைபேசி வழியே கூட்டத்துக்கு வந்துவிடுவார்.

கூட்டம் முப்பத்தைந்து நிமிடத்தில் முடியத் தொடங்கியது. கட்டுரையென்றால் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துச் சங்கத்துக்கு அனுப்பியிருக்கலாம்.

3

ஆனால் எனக்கு உதயகலாவை எழுத வேண்டியிருந்தது.

போத்தல்களுக்கு மூடி பூட்டுகிற மேசை அவளுடையது. ஏழு வருடமாக அங்கே வேலை செய்கிறாள், ஒரு கூட்டத்திலும் 'ஓம் அண்ணை'யைத் தவிர ஒரு சொல் சொன்னதில்லை. முதல் வரைவில் அவளை 'கூச்ச சுபாவமுள்ள அப்பாவிப் பெண்' என்று எழுதி வைத்திருந்தேன்.

[உதயகலா: அக்கா, நான் அப்பாவி இல்லை. கூட்டத்திலை வாய் வராது, அவ்வளவுதான். என்ரை மேசைக்கு வந்து பாருங்கோ, ஆர் அப்பாவி எண்டு தெரியும்.]

வெட்டிவிட்டேன். போயும் பார்த்தேன். பிழையாகப் பூட்டின ஒரு போத்தலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

ஆவணியில் செல்வச்சந்நிதிக் கோயில் திருவிழா. கோயில் இருக்கிற தொண்டைமானாற்றில் கொம்பனியின் பெயரில் முதல் தடவையாக ஒரு கடை போடுவதென்று முடிவு. அதற்காகவே அண்ணை அலைந்து திரிந்து பொன்னிறத்தில் புது மூடி வாங்கி வந்திருந்தார். பேரப்பிள்ளையைக் காட்டுவதுபோல அதை எல்லோருக்கும் காட்டினார். உதயகலா பூட்டிப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் முற்றத்து வெயிலில் அவள் நாலு மணித்தியாலம் வைத்து எடுத்த போத்தலில், விரல் பட்டதும் மூடி சுழன்றது. மூன்று போத்தலில் பார்த்தாள். மூன்றும் அப்படியே.

காற்றுப் புகுந்தால் பழரசம் புளித்துப் பொங்கும். திருவிழாச் சனத்துக்கு முன்னால் பொங்கினால் பத்து வருடப் பெயர் ஒரே நாளில் கெட்டுவிடும். வாயைத் திறந்து சொன்னாலோ அண்ணையின் முகம் கறுக்கும். ஞாயிறு பின்னேரம் அந்தப் பக்கத்தில் ஒரு வரி விழுந்தது.

'புது மூடி வெயிலிலை இளகுது.'

பெயர் போடவில்லை.

4

திங்கள் காலை. ரீவியில் இருந்த அந்த வரியை இராசநாயகம் இரண்டு தரம் வாசித்தார்.

"ஆர் உது எழுதினது?"



"பேர் போடத் தேவையில்லை எண்டுதானே அப்பா சொன்னனாங்கள்," என்றாள் கோபிகா.

"நீ பொறு." அவர் மேசையிலிருந்த கைபேசிப் பக்கம் திரும்பினார். "றியாஸ், நீர்தானே? பழைய மூடிக்காரன் உம்மடை கூட்டாளி. அதுதான் நான் வாங்கினதிலை பிழை பிடிக்கிறீர்."

"சத்தியமா நான் இல்லை அண்ணை! நான் லொறி ஓடுறவன், எனக்கு மூடியைப் பற்றி என்ன தெரியும்?"

"பொய் சொல்லாதையும்!"

இந்த இடத்தில் உதயகலாவை எழும்பி நிற்க வைத்து ஒரு பேச்சுப் பேச வைத்தேன். அரைப் பக்கம். நல்ல பேச்சு, நானே இரண்டு தரம் வாசித்து ரசித்தேன். "அண்ணை, உண்மையை மறைத்து வளர்ந்த தொழில் இந்த உலகத்தில்..."

[உதயகலா: நான் எழும்பேல்லை அக்கா. நடந்ததை எழுதுங்கோ.]

சரி, நடந்தது இதுதான். கைபேசி அவள் மடியில் இருந்தது. அவள் குனிந்தபடியே இருந்தாள். ரீவியில், அந்த நாலு சொல்லுக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கோடு கண்சிமிட்டியது. பிறகு ஓர் எழுத்து வந்தது. உ. அறையிலிருந்த எல்லோருடைய கண்ணும் சுவரில். த. ய. ஒரு பிழையான எழுத்து விழுந்தது, அழிந்தது. க. லா.

"என்ன நடக்குது அங்கை? ஏன் ஒருத்தரும் கதைக்கிறீங்கள் இல்லை?" என்று றியாஸ் மட்டும் லொறிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, மறைக்க மாட்டேன். மேடையும் ஒலிவாங்கியும் எத்தனையோ கண்ட ஊர் இது. ஐந்து எழுத்தை இவ்வளவு உரத்துச் சொன்ன ஒருத்தியை நான் கண்டதில்லை. அவள் எங்கள் ஊர்க்காரி.

5

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: அண்ணை ஒரு போத்தலை எடுத்துப்போய் முற்றத்து வெயிலில் வைக்கிறார். எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, மூடி மெல்ல மெல்ல...

[உதயகலா: நான் பாத்திட்டுத்தான் எழுதினனான். திருப்பி நிரூபிக்கத் தேவையில்லை. வெட்டுங்கோ.]

இரண்டு: அண்ணை கண்கலங்கி அவளைப் பாராட்டி...

[இராசநாயகம்: நான் அழேல்லை.]

[உதயகலா: பாராட்டுக்காக எழுதேல்லை.]

மூன்றாவது நான் எழுதியதல்ல. அடுத்த வாரப் பக்கத்தைக் கோபிகா எனக்குப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அதில் ஏழு வரி இருந்தது. ஒருவரும் கேட்காமலே ஏழுக்கும் கீழே பெயர் இருந்தது. கடைசி வரி இது:

'மூடியிலை எனக்கும் ஒரு சந்தேகம் கிடந்தது. நானே வாங்கினபடியால் சொல்ல வாய் வரேல்லை. திருவிழாக் கடைக்குப் பழைய மூடியே போடுவம். றியாஸ், குறை நினையாதையும். இராசநாயகம்.'

இதை இங்கே போடலாமா என்று கேட்டு அண்ணைக்கு ஓரக்குறிப்பு எழுதினேன். அவர் பார்த்தார் என்று பக்கம் காட்டியது. வெட்டச் சொல்லவில்லை.

6

சங்கத்தார் முடிவுரை கேட்கிறார்கள். நான் எழுதப்போவதில்லை. இந்தப் பக்கத்தை இப்போது உங்களுக்கும் திறந்துவிட்டிருக்கிறேன். ஏதோ ஒரு கூட்டத்தில் வாய்வரைக்கும் வந்து நீங்கள் விழுங்கிய வரி ஒன்று இருக்கும். அதைக் கீழே எழுதுங்கள். பெயர் போடத் தேவையில்லை.

[உதயகலா: போடச் சொல்லுங்கோ, அக்கா.]