வாய் அசைந்தால் போதும்

"வசனமெல்லாம் வேணாம்யா, நாப்பது வரைக்கும் எண்ணு" என்று எங்கள் இத்தாலிய டைரக்டர் பெருட்சி சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்பெயினில் எங்கள் தபெர்னாஸ் பொட்டலில் எடுக்கிற கௌபாய் படமெல்லாம் இப்படித்தான். குரலைப் பிறகு ரோமில் எவனோ கொடுப்பான், இங்கே வாய் அசைந்தால் போதும். ஆறு வருஷமாகக் குதிரையிலிருந்து விழுந்து செத்துக்கொண்டிருக்கிற எனக்கு, வாயசைக்கிற வேஷம் இதுதான் முதல் தடவை. அதுவும் யாருக்கு எதிரில்? என் அண்ணன் ஹினேஸுக்கு எதிரில்.

அவன் நடிகனே இல்லை. சந்தையில் தக்காளி விற்றுக்கொண்டிருந்தவனை, மூஞ்சியைப் பார்த்தே இழுத்துவந்து ஓய்வுபெற்ற துப்பாக்கி வீரனாக உட்காரவைத்துவிட்டார்கள். கோணங்கிப் படம். வீரன் கடைசிவரை ஒரு தோட்டாகூடச் சுடமாட்டான். கள்ளிப்பழம் உரித்துக்கொண்டே இருப்பான். மறுபடி துப்பாக்கியை எடுக்கச் சொல்லி நான் போய்க் கெஞ்ச வேண்டும்.

அண்ணன் என்னோடு பேசி மூன்று வருஷமாகிறது. அம்மாவுக்கு இழுத்துக்கொண்டிருந்த அன்று, நான் இதே மணலில் பிணமாகக் கிடந்தேன். படப்பிடிப்பைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, "சில்வெஸ்த்ரே, அம்மா போகுதுடா, எந்திரிடா!" என்று கத்தினான். கேட்டது. ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பிணம் எழுந்தால் ஷாட் கெட்டுவிடும், மறுநாள் கூப்பிடமாட்டார்கள் என்று கிடந்தேன், மடையன். முடித்துக்கொண்டு ஓடினபோது வீட்டில் ஒப்பாரி கேட்டது.

இன்றோடு அவன் வேலை முடிகிறது. நாளை ஜெர்மனித் தொழிற்சாலைக்கு ரயிலேறுகிறான். இன்றைக்கு விட்டால் பிறகு எப்போது?

எப்படியும் குரலை அழித்துவிடுவார்கள் என்ற தைரியத்தில், எண்ணுவதை விட்டுவிட்டுச் சொன்னேன். "அண்ணே, நீ கூப்பிட்டது காதுல விழுந்துச்சு. விழுந்தும் எந்திரிக்கல. என்னைய மன்னிச்சிரு."

அவன் தலை நிமிராமல் பழத்தை உரித்தான். "பதினாலு. பதினஞ்சு. பதினாறு."

"பிரமாதம்! இன்னொரு தடவை!" என்றான் பெருட்சி.

இன்னொரு தடவை சொன்னேன். அதற்கப்புறம் இன்னொரு தடவை. ஐந்தாவதில் என் மன்னிப்பு எனக்கே வசனம்போலக் கேட்டது.

"போன தடவை கண்ணுல தண்ணி வந்துச்சே, அது எங்கய்யா?" என்றான் பெருட்சி. அடப்பாவி!

ஒப்பனைக்காரி காசில்டா வந்து என் முகத்தைத் துடைத்தாள். அண்ணன் அவளைப் பார்த்துச் சொன்னான்: "நல்லா நடிக்கிறான்னு சொல்லும்மா அவன்கிட்ட. பொணமா நடிச்சப்பவும் இப்படித்தான், அசையவே இல்ல."

எனக்கு வெறுத்துப்போயிற்று. போடா, நீயும் உன் வீம்பும். ஏழாவது தடவை நானும் எண்ண ஆரம்பித்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு.

பத்துக்கு வந்தபோது அவன் கையிலிருந்த கத்தி நின்றது. பழத்தைக் கீழே வைத்துவிட்டு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் என்னைப் பார்த்தான்.

"கடைசில அம்மா உன்னையத்தான்டா கேட்டுச்சு" என்றான். "வாசல்ல வந்துட்டான்னு பொய் சொன்னேன். நம்பிச்சுடா. சிரிச்சுச்சு."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஓடின மாதிரியே. அதன் பின்னால் பெருட்சி, நிறுத்தாதே, நிறுத்தாதே என்று கையைச் சுழற்றினான். அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினொண்ணு" என்றேன். "பன்னெண்டு."