சாவி தனி விலை

புனிதாவின் மேசைக்கு விலையே கிடையாது. யாராவது கேட்டால் மட்டும் அது பதினெட்டாயிரம் மலேசிய வெள்ளி.

கார்த்திகேசு யோசித்து வைத்த விலை அது. கிள்ளானில் பழைய மரச்சாமான் கடை அவருக்கு. கீழே கடை, மேலே வீடு. நடுவிலிருந்த படிக்கட்டை அவர் ஒருநாளும் எல்லையாக மதித்ததில்லை. கடையில் இடம் போதாத சாமான் மேலே ஏறும். மேலே புனிதா புழங்கிக்கொண்டிருந்த சாமான் கீழே இறங்கி லோரி ஏறும். கல்யாணமான புதிதில் அவள் தண்ணீர் குடிக்க எழுந்துபோய்த் திரும்புவதற்குள் உட்கார்ந்திருந்த நாற்காலி விற்றுப்போயிருந்தது. அப்புறம் சாப்பாட்டு மேசை போனது, அதன் மேலிருந்த குழம்புச் சட்டியை மட்டும் தரையில் இறக்கிவைத்துவிட்டு. ஒரு தீபாவளிக்கு முதல் நாள் கட்டில் போனது. வாங்கியவர் நல்ல மனிதர், மெத்தையை விட்டுவிட்டுப் போனார்.

கட்டிலோடு புனிதாவின் பேச்சும் போயிற்று. அதைத் திரும்பக் கொண்டுவரத்தான் கார்த்திகேசு அந்த செக்ரட்டரி மேசையைக் கொண்டுவந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் இடிக்கப்போகிற ஒரு ரயில்வே குமாஸ்தா வீட்டில் கிடந்த தேக்கு. மேலே கண்ணாடி அலமாரி, கீழே இழுப்பறைகள். நடுவிலுள்ள மூடியைச் சாய்த்தால் அதுவே எழுதும் பலகை. உள்ளே புறாக்கூண்டு போலச் சின்னச் சின்ன அறைகள். "இத மட்டும் விக்கமாட்டேன் புனிதா," என்று சொல்லி, பித்தளைச் சாவியை அவள் கையில் வைத்தார்.

புனிதா ரவிக்கை தைப்பவள். நூல் ஒரு அறையில், கொக்கி ஒரு அறையில், மற்ற அறைகளில் அளவுச் சீட்டுகள். கிள்ளானில் பாதிப் பெண்கள் எந்த வருஷம் பருத்தார்கள், எந்த வருஷம் இளைத்ததாகச் சொல்லிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அந்த மேசைக்குத் தெரியும். சாவி அவள் தாலிக்கொடியில் தொங்கும்.

கார்த்திகேசு வாக்கு மாறவில்லை. மேசையை விற்கவில்லை, காட்டினார். பசையுள்ள ஆள் வந்தால் தேநீர் குடிக்க மேலே அழைத்துப்போவார். மேசையைப் பார்த்து ஆள் விலை கேட்பார். பதினெட்டாயிரம் என்பார் இவர், கொட்டாவி விடுகிற மாதிரி. அதைக் கேட்ட காதுக்கு, கீழே கடையில் இருக்கும் எண்ணூறு வெள்ளி நாற்காலி இனாம் மாதிரிதான் கேட்கும். இப்படி விற்ற நாற்காலிகளுக்குக் கணக்கில்லை. பதினெட்டாயிரத்துக்குச் சரி சொல்லுமளவு புத்தி கெட்டவன் கிள்ளான் பக்கம் வரமாட்டான் என்று அவர் நம்பியிருந்தார்.

அவன் பணக்காரர்கள் வாழும் பங்சாரிலிருந்து வந்தான். பெயர் முகுந்தன். கணினித் திரை முன்னால் உட்கார்ந்து, பணத்தை எதில் போடலாம் என்று பணக்காரர்களுக்கு ஆலோசனை சொல்வது தொழில். ஆரம்பத்திலேயே விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டான். மேசையில் எழுத வேண்டியதில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் திரையில் தெரிந்தால் போதும், மூன்று தலைமுறைப் பணக்காரன் மாதிரி இருக்க வேண்டும்.

கார்த்திகேசு வழக்கம்போலக் கொட்டாவி விட்டார்.

"பதினெட்டுதானே? ஓகேலா அண்ணே," என்றான் முகுந்தன்.

கொட்டாவி பாதியில் நின்றது.

பாசார் சந்தையில் பித்தளைப் பாத்திரம் விற்ற அப்பாவிடம் தொழில் கற்றவர் கார்த்திகேசு. அங்கே ஒரே சட்டம்: வாய்விட்டுச் சொன்ன விலைக்கு எதிராளி சரி என்றுவிட்டால் வியாபாரி பின்வாங்கக்கூடாது. வாங்க வந்தவன் பின்வாங்கலாம். ஆகவே அவனை ஓடவைப்பது ஒன்றுதான் வழி. புனிதா காய் வாங்கப் போயிருந்தாள், திரும்பும் நேரம்.

வாழ்நாளெல்லாம் சரக்கைப் புகழ்ந்த வாய் முதல் தடவையாக இகழ ஆரம்பித்தது. பின் கால் ஒன்று வேறு மரம் என்றார். அது உண்மை. கரையான் இருக்கலாம் என்றார். அது பொய். முகுந்தன் கண் கலங்காத குறை. இவ்வளவு நேர்மையான கடைக்காரரைப் பெட்டாலிங் ஜெயாவிலும் பார்த்ததில்லையாம், ஷா ஆலத்திலும் பார்த்ததில்லையாம். இந்த மேசையில் உட்கார்ந்தபடியே குமாஸ்தா உயிரை விட்டார் என்று ஒரு போடு போட்டார் கார்த்திகேசு. முகுந்தன் போனை எடுத்து, குமாஸ்தாவின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டான். வாடிக்கையாளர்களுக்குக் கதை பிடிக்குமாம்.

கடைசியில் உண்மையையே சொல்லிப் பார்த்தார். இது என் மனைவியின் மேசை, தம்பி.

முகுந்தன் சிரித்தான். அந்த உத்தி அவனுக்கும் தெரியும். "சரி அண்ணே, பத்தொம்பது. அக்காவுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் குடுங்க."

அக்கா அப்போதுதான் கத்தரிக்காய்ப் பையோடு படியேறி வந்து நின்றாள்.

கார்த்திகேசு சுவரைப் பார்த்தார். புனிதா பையைத் தரையில் வைத்தாள். வைக்க வேறு மேசை இல்லாத வீடு. முகுந்தன் தானாகவே எல்லாவற்றையும் மறுபடி சொன்னான், குமாஸ்தா செத்தது உட்பட. அவள் பொறுமையாகக் கேட்டாள். கணவர் பக்கம் திரும்பவே இல்லை.

"மேசை பத்தொம்பது. சரி தம்பி," என்றாள். "சாவி?"

"சாவி மேசையோட வர்றதுதானே அக்கா?"

"சாவி என்னோடதான வந்துச்சு." தாலிக்கொடியிலிருந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "தேக்குப் பலகய ஒடச்சும் தொறக்கலாம். ஆனா மூணு தலமுறப் பணக்காரங்க வீட்டுல ஒடஞ்ச பூட்டா இருக்கும்? சாவி ரெண்டாயிரம்."

முகுந்தன் ஐந்நூறு என்றான். அவள் கத்தரிக்காயைப் பொறுக்கிச் சொத்தையைத் தனியே வைக்க ஆரம்பித்தாள். ஆயிரம் என்றான். அவள் இன்னொரு சொத்தையைக் கண்டுபிடித்தாள். இரண்டாயிரத்துக்கு வந்தபோது நிமிர்ந்து, போனில் பணம் அனுப்ப ஸ்கேன் செய்யும் தன் கணக்கின் கட்டத்தைக் காட்டினாள். இத்தனை வருஷமும் கதவுக்குப் பின்னால் தைத்துக்கொண்டிருந்தவள் ரவிக்கை மட்டும் தைக்கவில்லை என்பது கார்த்திகேசுவுக்கு அன்றுதான் உறைத்தது. பயத்துக்கு நடுவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பணம் வந்து சேர்ந்தது. அவள் அளவுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டாள். மூடியை முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் துடைத்தாள். லோரி கிளம்பியதும் கார்த்திகேசு வாயைத் திறந்தார். ஏன் விற்றாய், வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் போயிருப்பானே என்றார்.

"எப்படியும் ஒருநா வித்துருவீங்க," என்றாள் புனிதா. "அன்னிக்கு நான் வீட்டுல இல்லாமப் போயிட்டா?"



அடுத்த வாரம் ஒரு லோரி வந்தது. அதிலிருந்து அட்டைப் பெட்டிகள் இறங்கின. உள்ளே இருந்ததெல்லாம் மரத்தூளை அமுக்கி, மேலே மர நிறக் காகிதம் ஒட்டிய பலகைகள். சாப்பாட்டு மேசை, நாற்காலிகள், கட்டில், தையலுக்கு ஒரு மேசை. கிள்ளானிலேயே பெயர்பெற்ற பழஞ்சாமான் வியாபாரி தரையில் மண்டியிட்டு, பெட்டியிலிருந்த செய்முறைப் படம் பார்த்துத் திருகு முடுக்கினார். தெரிந்தவன் எவனாவது மேலே வந்துவிடுவானோ என்று படிக்கட்டுக் கதவைச் சாத்திவைத்தார்.

"இதுக்கு யாராச்சும் வெல கேப்பாங்களா?" என்று கேட்டாள் புனிதா.

"சும்மா குடுத்தாக்கூட எடுக்கமாட்டான்."

"அதுக்குத்தான் வாங்குனேன்." புது நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்தபோது நாற்காலி அங்கேயே இருந்தது.

அன்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். வரவு, மேசைக்குப் பத்தொன்பதாயிரம், சாவிக்கு இரண்டாயிரம். செலவு, காகிதம் ஒட்டிய சாமான்களுக்கு லோரிக் கூலியோடு நாலாயிரத்து முந்நூறு. மிச்சம் பதினாறாயிரத்து எழுநூறு, புனிதா பெயரில். கட்டிலை முடுக்கிய பிறகு கையில் தங்கிய திருகு ஒன்று. விற்கமாட்டேன் என்று கார்த்திகேசு கொடுத்த வாக்கு ஒன்று, பாக்கி.