ஏழாம் நம்பர் தாள்

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் இருந்த இடம் மாடிப்படிக்குக் கீழே. நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். அதனால் அதன் முன்னால் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பணிவானவர்கள் போலத் தெரிவார்கள். மற்றபடி அந்த வீட்டில் பணிவு மருந்துக்கும் கிடையாது.

வீடு மாமனாருடையது. வயது எண்பத்து நாலு. இரண்டே பெண்கள், இரண்டு பேரின் கணவன்மார்களும் வீட்டோடு மாப்பிள்ளைகள். பெரிய மாப்பிள்ளை ஒரு மில்லின் டைம் ஆபீசில் முப்பத்து நாலு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்து வைப்பதுதான் உத்தியோகம். ஒரு நிமிடம்கூடத் தப்பாக எழுதியதில்லை. ஒருநாள் முதலாளியே நாலு நிமிடம் தாமதமாக வந்தபோது அவர் பெயரிலும் சிவப்புக் கோடு போட்டாராம். முதலாளி அன்று முழுக்க வெட்கத்தில் அறையை விட்டு வெளியே வரவில்லையாம். சின்ன மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் எட்டுப் பேர் மாட்டிக்கொண்டு அலறும்போது, கீழே நின்று நிதானமாக டீயை ஆற்றிக் குடிக்கத் தெரிந்தவர்.

இந்தச் சகலைகள் இருவருக்கும் ஆகாது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கு இருபது காரணம் சொல்வார்கள். இரண்டு பட்டியலிலும் பொதுவாக ஒன்றுகூட இருக்காது.

ஆறு வருடத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மாமனார் பெரியவரிடம் கொடுத்தார். அன்று மாலையே சுவரில் முதல் தாள் ஏறியது: “1. திரையில் முறைப்படி மூடிய பிறகே சுவிட்சை அணைக்கவும். நேரடியாகச் சுவிட்சில் கை வைப்பவர் கை வைத்தவராகவே கருதப்படுவார்.” மறுநாள் இரண்டாவது. பாஸ்வேர்டை யாரும் எழுதி ஒட்டக் கூடாது, பெயரும் பிறந்த நாளும் ஆகாது, எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கீழே உதாரணம் ஒன்றும் கொடுத்திருந்தார்.

சின்னவர் அதைப் படித்துவிட்டு வந்து கேட்டார். “இது சும்மா உதாரணம்தானே அண்ணே?”

“உதாரணம்தான்.”

“இல்ல, அடிச்சுப் பாத்தேன். திறக்குது.”

யோசித்துப் பார்த்ததில் பெரியவருக்கு அதைவிட நல்ல உதாரணம் தோன்றவில்லை என்பதுதான் விஷயம். ஆனால் அதை ஒப்புக்கொள்வதா? “திறக்கணும்னுதான் வெச்சேன். உங்களுக்குப் படிக்க வருதான்னு பாத்தேன்,” என்றார். அன்றிலிருந்து சின்னவர் அவருக்கு வைத்த பெயர் சர்க்குலர்.

தாள்கள் நாற்பத்தொன்று வரை போயின. சுவர் மறைந்தது. தாள்களுக்குப் பின்னால் ஒரு பல்லி குடித்தனம் வைத்து, பேரன் பேத்தி எடுத்து, இடம் போதாமல் ஒரு கிளை மாமனாரின் காலண்டருக்குப் பின்னால் தனிக்குடித்தனம் போயிற்று. கம்ப்யூட்டரும் வயதாகித் தளர்ந்தது. காலையில் அதைப் போட்டுவிட்டு, குளித்து, சவரம் செய்து, இரண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். தாள்களை மட்டும் யாரும் பின்பற்றவில்லை. சின்னவர் கீபோர்டு மேலேயே டிபன் டப்பாவைத் திறப்பார். தெரியாத மெயிலில் உள்ள இணைப்பைத் தட்டக் கூடாது என்ற நாலாம் நம்பர் தாளில் கையைத் துடைத்துக்கொள்வார்.

பெரியவர் சும்மா இருக்கவில்லை. எழுதினார். சகலை செய்த ஒவ்வொரு அநியாயத்தையும் தேதி, மணி, நிமிடத்தோடு கம்ப்யூட்டரில் பதிந்தார். தன் துண்டில் கால் துடைத்தது, மாடித் தண்ணீரை மோட்டார் நிற்கும் முன்பே மொண்டது, தும்மியபோது முகத்தைத் திருப்பாதது, எல்லாம். ஆறு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பாஸ்வேர்டுதான் ஊருக்கே தெரியுமே, கோப்பை எங்கே ஒளிப்பது? அதற்கும் வழி கண்டுபிடித்தார். குப்பைத்தொட்டியில் போட்டு வைத்தார். திரை ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னத் தொட்டியில்தான். குப்பையை எவன் கிளறுவான்? தினமும் மாலை அதிலிருந்து கோப்பை மீட்டு, இரண்டு வரி சேர்த்து, மறுபடி அழித்து உள்ளே தள்ளுவார். செத்தவனைத் தினமும் எழுப்பி வேலை வாங்கிவிட்டுப் புதைப்பதைப் போல.

இந்த ஏற்பாட்டுக்கு ஆபத்து வந்தது முன் அறையால். தெருவைப் பார்த்த அறை, இரண்டு ஜன்னல், நல்ல காற்று. மாமனாருக்கு முழங்கால் மடங்காமல் போனதால் குளியலறைக்குப் பக்கத்து அறைக்கு மாறப்போகிறேன் என்றார். “முன் ரூம் யாருக்குன்னு அடுத்த ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்றேன். ஆளுக்கு உங்க நியாயத்தைச் சொல்லுங்க.”

பெரியவர் குடியிருந்தது தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே. சொட்டுச் சத்தம் தலைமாட்டிலேயே கேட்கும். இரவில் எத்தனை சொட்டு என்றுகூட அவரிடம் கணக்கு இருந்தது. அந்த முன் அறைக்காக அவர் எதையும் செய்வார். முதல் வேலையாக மாமனாரிடம் போய்ச் சொன்னார்.

“மாமா, நாப்பத்தொரு தாள் எழுதி ஒட்டியிருக்கேன். சின்னவர் ஒண்ணைக்கூட மதிக்கிறதில்ல. பொறுப்பில்லாதவருக்கு முன் ரூம் எதுக்கு?”

மாமனார் சின்ன மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். “மாப்ளே, இன்னிலேருந்து சுவத்துல இருக்கிற அத்தனையும் செய்யணும். ஒண்ணு விடாம.”

“சரிங்க மாமா,” என்றார் சின்னவர். அவர் அத்தனை சீக்கிரம் சரி சொன்னதில் பெரியவருக்கு அப்போதே மூக்கு வியர்த்திருக்க வேண்டும். வியர்க்கவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்குகளிடம் ஒரு போராட்ட முறை உண்டு. வேலையை நிறுத்த மாட்டார்கள். விதிப்புத்தகத்தில் உள்ளபடி அப்படியே செய்வார்கள். ஒரு பட்டனை மாற்ற நாலு நாள் ஆகும், ஊரே படியேறும். சின்னவர் திங்கட்கிழமை அதை வீட்டில் ஆரம்பித்தார். இடி இடித்தால் பிளக்கைக் கழற்றவும் என்பது ஐந்தாம் தாள். பெரியவர் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினார்.

“என்ன சகலை இது? வெயில் அடிக்குது.”

“இடிச் சத்தம் கேட்டுச்சுண்ணே.”

“அது உங்க வீட்டுக்காரி மாடியில பீரோவை நகர்த்தின சத்தம்.”

“என்ன இடின்னு தாள்ல போடலையே.”

புதன்கிழமை, தூசி படியாமல் துடைக்கவும் என்ற எட்டாம் தாளின்படி பெரியவர் வேலை செய்யச் செய்யவே சின்னவர் திரையைத் துடைத்தார். மூக்குக் கண்ணாடியையும் சேர்த்து. பெரியவர் பல்லைக் கடித்துப் பொறுத்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை மாமனார் முன்னால் படித்தால் போதும், ஆள் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டரைத் திறந்தார். குப்பைத்தொட்டி பளிச்சென்று காலியாக இருந்தது.

பெரியவர் மெல்லத் தலையைத் தூக்கினார். படி இடித்தது. வலி தெரியவில்லை. எதிரே, பழுப்பேறிய ஏழாம் நம்பர் தாள்: “குப்பைத்தொட்டியைச் சனிக்கிழமைதோறும் காலி செய்யவும். சோம்பேறித்தனம் வேண்டாம்.” அவர் கையெழுத்து. கீழே அடிக்கோடு வேறு. ஆறு வருடமாக யாரும் மதிக்காத தாள் என்பதால், எழுதியவரே அதை மறந்திருந்தார்.

“என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்று மனைவி கேட்டாள்.

“குப்பையைக் கொட்டிட்டான்.”

“நல்லதுதானே. நான் சொன்னா நீங்க என்னிக்குக் கொட்டினீங்க?”

நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் ஒன்றரைப் பக்கம் தேறியது. அதிலும் நிமிடம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. நிமிடம் இல்லாத குற்றச்சாட்டு வெறும் புலம்பல் என்று மில்லில் அவரே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். நாளைக்கு மாமனார் முன்னால் என்ன சொல்வது? முன் அறையின் இரண்டு ஜன்னலும் கண் முன்னால் படபடவென்று சாத்திக்கொண்டன.

அப்போது சின்னவர் வந்து படிக்குக் கீழே குனிந்தார். கையில் ஒரு பென் டிரைவ், கூடவே தடியாக ஒரு காகிதக் கட்டு.

“தேடுறீங்களாண்ணே?”

பெரியவர் அந்த ஒன்றரைப் பக்கத்தை உள்ளங்கையால் மூடினார்.

“மூணாம் நம்பர் தாள். முக்கியமானதுக்குச் சனிக்கிழமைதோறும் தனியா ஒரு நகல் எடுத்து வைக்கணும். ஏழுக்கு முன்னாடி மூணு வருதில்ல? அதனால முதல்ல நகல் எடுத்தேன், அப்புறம்தான் கொட்டினேன். வரிசை தப்பக் கூடாது பாருங்க.”

“படிச்சீங்களா?”

“ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்தவன், தூங்கவே இல்ல. எங்கப்பாகூட என்னை இவ்வளவு கவனிச்சதில்லண்ணே.” காகிதக் கட்டைப் பெரியவரின் மடியில் போட்டார். அச்செடுத்த கோப்பு. ஓரமெல்லாம் சிவப்பு மை. “ஆனா முப்பத்தெட்டு இடத்துல தேதி தப்பு, மணி தப்பு.”

பெரியவரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. “நான் எழுதினதுல தப்பா?”

“நாப்பதாம் பக்கம். மார்ச் பன்னெண்டாந்தேதி உங்க துண்டுல கால் துடைச்சேன்னு போட்டிருக்கீங்க. பன்னெண்டாந்தேதி நான் இங்க இல்ல, ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு வெளியூர் போயிருந்தேன். துடைச்சது பதினாலு. டூட்டி புக்கைக் கொண்டு வரட்டுமா?”

கொண்டு வந்தார். பெரியவர் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். முப்பத்தெட்டும் தப்பு. அவர் மணிக்கட்டில் இருந்த கடிகாரமே ஒரு கோடையில் மூன்று மாதம் மெதுவாக ஓடியிருந்தது. முப்பத்து நாலு வருட உத்தியோகத்தில் வாங்காத சிவப்புக் கோட்டைச் சகலை கையால் வாங்கியிருந்தார். மில் முதலாளி அறையை விட்டு ஏன் வெளியே வரவில்லை என்பது அவருக்கு அன்றுதான் சரியாக விளங்கியது.

“இதை எதுக்குத் திருப்பித் தர்றீங்க? தொலைஞ்சதுன்னு விட்டிருந்தா முன் ரூம் உங்களுக்குத்தானே.”

“விட்டா நீங்க காலம் பூரா, கோப்பு இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேன்னு சொல்லுவீங்க. அதுக்கு இது தேவலை. படிங்க. ஒரு மனுஷன் தும்மினதையும் தண்ணி மொண்டதையும் இருநூத்திப் பன்னெண்டு பக்கம் எழுதினா, மாமா யாரைப் பத்தி என்ன நினைப்பாருன்னு பாக்கலாம். ஆனா ஒண்ணு. நான் திருத்தினபடிதான் படிக்கணும். தப்பான தேதியில செஞ்சேன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு முன் அறையில் விசாரணை தொடங்கியது. பெரியவர் நின்றுகொண்டு படித்தார். ஒவ்வொன்றுக்கும் எதிரே நின்ற சின்னவர், “ஆமா மாமா, செஞ்சேன்,” என்றார். நடுநடுவே, “அன்னிக்கு ரெண்டு தடவை தும்மினேன், அண்ணன் ஒண்ணுதான் எழுதியிருக்காரு,” என்று சேர்த்துக்கொண்டார். நாலு மணி நேரம். அக்காவும் தங்கையும் மூன்று முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நாலாவது முறை வரவில்லை. தெருவில் போன பால்காரர் ஜன்னலருகே நின்று கேட்டு, எண்பதாம் பக்கத்தில் கண் அயர்ந்து, விழித்துக்கொண்டு மீதிப் பாலைத் திங்கட்கிழமை தயிராகக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

கடைசிப் பக்கம் முடிந்ததும் மாமனார் கேட்டார். “பெரிய மாப்ளே, நீங்க படிச்சது எல்லாம் உண்மையா?”

“நிமிஷம் முதக்கொண்டு உண்மை மாமா.”

“சின்ன மாப்ளே, நீங்க செஞ்சது எல்லாம்?”

“திருத்தினபடி உண்மை மாமா.”

“அப்ப ஒருத்தர் ஆறு வருஷமா செஞ்சிருக்கீங்க. ஒருத்தர் ஆறு வருஷமா எழுதியிருக்கீங்க. ரெண்டு பேர் சொன்னதையும் கேட்டுக்கிட்டு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம, படிக்குக் கீழ குனிஞ்சு கிடந்தது அந்தக் கம்ப்யூட்டர்தான்.” முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “முன் ரூம் அதுக்கு. அதுவாவது காத்து வாங்கட்டும். கொண்டாந்து வைங்க.”

இரண்டு பேரும் வாயைத் திறந்தார்கள். மாமனார் திரும்பிப் பார்க்காமல் குளியலறைப் பக்கம் போய்விட்டார்.

மேஜையோடு சேர்த்துத் தூக்கினார்கள். “உங்க பக்கம் தாழுது,” என்றார் பெரியவர். “உங்க பக்கம் தூக்கவே இல்ல,” என்றார் சின்னவர். வாசற்படியில் ஒருமுறை, கதவில் ஒருமுறை, பெரியவரின் கால் விரலில் ஒருமுறை மேஜை இடித்தது. நாற்பத்தொரு தாளையும் பெயர்த்தபோது பல்லிகள் மூட்டை முடிச்சோடு வெளியேறின.

ஜன்னலோரம் வைத்துப் பிளக்கைச் செருகி, வட்டம் சுற்றி முடியும் வரை இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்து நின்றார்கள். பிறகு பெரியவர் உட்கார்ந்தார். தலை இடிக்கவில்லை; அதுவே அவருக்கு அசௌகரியமாக இருந்தது. புதிய கோப்பு ஒன்றைத் திறந்து தட்டினார்: “ஞாயிறு, மாலை 5.10. மேஜையைத் தூக்கும்போது சகலை வேண்டுமென்றே தன் பக்கத்தைக் கைவிட்டு, என் வலது கால் கட்டை விரலில்...”

பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த சின்னவர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டினார்.

“மேஜை இடிச்சப்பவே பாத்தேன், அஞ்சு பன்னெண்டுண்ணே.”

பெரியவர் கீபோர்டுக்குக் குனிந்தார். பூஜ்யத்தை அழித்து இரண்டு போட்டார். கோப்பைச் சேமித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல், பென் டிரைவுக்காகக் கையை மட்டும் பின்னால் நீட்டினார்.