உஷ் அக்கா

வாசிப்பறையில் சத்தம் தாங்க முடியவில்லை என்று மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் போயிருந்தது. விசாரணையில் உண்மையென்று தெரிந்தால், நூலகரைப் புத்தகக் கிடங்குக்குத் தூக்கியடிப்பார்கள்.

நூலகருக்கு வயிறு எரிந்தது. பதினாறு வருடமாக உஷ் உஷ் என்றே உதடு தேய்ந்தவள் அவள். பிள்ளைகள் வைத்த பெயரே உஷ் அக்கா. பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கமாட்டாள். காதாலேயே அறையை ஆள்வாள். இந்த ஒரு வருடமாகத்தான் உஷ்ஷுக்கு வேலையில்லை. அடிமேல் அடித்து அம்மியை நகர்த்திவிட்டதாக வீட்டில்கூடப் பெருமையடித்திருந்தாள்.

பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். ஒருகாலத்தில் அவளுக்குக் கீழே புத்தகங்களுக்கு எண் ஒட்டியவர். எதிரே உட்கார்ந்தார்.

"நீயே பாரு தம்பி. எவனோ வயித்தெரிச்சல்ல எழுதியிருக்கான். குண்டூசி விழுந்தா கேக்கும் இங்க."

ஆய்வாளர் அறையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"விளையாடுறீங்களாக்கா?"

"இதுல என்ன விளையாட்டு?"

அவர் கையை நீட்டி, அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசியை எடுத்தார். "அப்புறம் பேசுங்க" என்று சொல்லி வைத்தார்.

"உன்னை யாரு இங்க கூப்பிடுறது?"

"எனக்கில்லக்கா. ரொம்ப நேரமா அது அடிச்சுக்கிட்டே இருக்கு."

அவள் தொலைபேசியைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையைத் தூக்கினாள். ஜன்னலோர மேசையில் நாலு பேர் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இரும்பு நாற்காலியைத் தரையோடு இழுத்துப் போனாள். மூலையில் ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படித்தார்.

புத்தகம் அடுக்கும் உதவியாளரைக் கைகாட்டி அழைத்தாள்.

"எத்தனை நாளா இந்தச் சத்தம்?"

அவர் அவள் முகத்துக்கு நேராக நின்று சொன்னார். "ஒரு வருஷமாச்சே மேடம். உஷ் அக்கா தங்கமா மாறிட்டாங்கன்னு பிள்ளைங்க உங்களைக் கொண்டாடுதுங்க. நானும் உங்க மனசு இளகிருச்சுன்னுதான் நினைச்சேன்."

அவள் பதிவேட்டை மூடினாள்.

ஆய்வாளர் தாளில் குனிந்து ஏதோ கேட்டார். உதடு தெரியவில்லை.

"நிமிர்ந்து சொல்லு தம்பி."

நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. "என்னன்னுக்கா எழுதட்டும்?"

"உள்ளதை எழுது. கடிதத்துல இருக்கிறது நிஜம்னு எழுது."

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தாள். அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது.