தூரம் இல்லாத விடை

1
இந்தக் கதையில் பாதியைச் சுவர் வழியாகக் கேட்டேன். கம்பத்தில் என் பக்கத்துப் போர்ஷனில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். சாயங்காலமானால் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, வீடியோ எடுத்தபடி பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலை அதற்கு நடத்துகிறாள். யாரும் பதில் பேசாத வகுப்பு. மீதிப் பாதி என் கற்பனை. வேல்விழி என்ற பெயரும்தான்.

2
தொடக்கம் ஒன்று: மழை பெய்தது, வேல்விழியின் கண்களிலும்... (வேண்டாம். நடத்துகிற நேரத்தில் அவள் அழமாட்டாள்.)

தொடக்கம் இரண்டு: சீராக மின்னூட்டம் ஏற்றிய தட்டையான தகடு. அதன் பக்கத்தில் மின்புலம் எவ்வளவு? "முடிவே இல்லாத தகடுன்னு வச்சுக்குவோம்" என்று சொல்லி, தகட்டைத் துளைத்து நிற்கிற மாதிரி பலகையில் ஒரு சின்ன உருளையை வரைந்தாள் வேல்விழி. உருளையின் பக்கச்சுவர் வழியாகப் புலம் வெளியேறாது. இரண்டு மூடிகள் வழியாகத்தான். காஸ் விதியைப் போட்டாள். விடை வந்தது: மேலே சிக்மா, கீழே இரண்டு எப்சிலான் நாட்.

"பாத்தீகளா, விடையில தூரமே இல்ல. எங்கன நின்னாலும் புலம் ஒண்ணுதான்."

3
அந்த வீடியோக்களைத் தவறாமல் பார்ப்பவன் அவள் கணவன் சுருளிராஜன். மலைக்கு அந்தப் பக்கம், ஏலக்காய்த் தோட்டத்தில் ஜீப் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குமுளி வழியாக இறங்கி வருவான். (முதலில் அவனைத் துபாய்க்கு அனுப்பியிருந்தேன். அத்தனை தூரம் போனவனைத் திரும்பக் கூப்பிட எனக்குத் திறமை போதாது.)

அன்று அவன் போன் செய்தான்.

"ஏ டீச்சரு, முடிவில்லாத தகடுன்னியே, அது கூடலூர்ல எந்தக் கடையில விக்கிது?"

"நீங்க கேட்டா அடிக்கணக்குல வெட்டித் தருவாக. விசயத்தச் சொல்லுங்க."

"முதலாளி குடகுல காப்பித்தோட்டம் வாங்கியிருக்காக. என்னைய அங்கன வரச் சொல்றாக. வருசத்துக்கு ஒருதரம்தான் லீவாம். இப்பவே பதில் சொல்லணும். ஒன்னைய விட்டுட்டு எப்பிடின்னு மனசு ஒப்பல. இன்னிக்கு வீடியோவப் பாத்தேன். தூரம் விடையிலயே இல்லன்னு நீயே சொல்லிட்ட. லேசாயிருச்சு. போகட்டுமா?"

4
வேல்விழி பலகையைப் பார்த்தாள். பரீட்சையில் மார்க் கிடைக்காது என்பதால் எப்போதும் அவள் சொல்லாமல் விடுகிற வரி ஒன்று உண்டு. முடிவில்லாத தகடு எங்கும் கிடையாது. நிஜமான தகட்டுக்கு இந்த விடை, ஒட்டி நிற்கும்வரைதான். தகட்டின் அகலத்தைத் தாண்டித் தள்ளிப் போகப் போக, புலம் குறைந்துகொண்டே வரும்.

5
முடிவு ஒன்று: "தப்பா நடத்திட்டேங்க, போகாதீக." அவன் போகவில்லை. (எழுதிப் பார்த்தேன். ஞாயிறுதோறும் குடகை நினைத்துக்கொண்டே சாப்பிடுகிறான்.)

முடிவு இரண்டு: "போயிட்டு வாங்க" என்றாள். அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்... (இந்த வாக்கியம் நகர மாட்டேன் என்கிறது.)

ஆகவே இதுவரை மட்டும். "ஏங்க, அதுல ஒரு வரிய விட்டுட்டேன்" என்றாள் வேல்விழி.

"என்னா வரி?"

எனக்குத் தெரிந்த இயற்பியல் இவ்வளவுதான். அந்த வரியை அவள் சொல்லலாம், விழுங்கியும் விடலாம். தூரத்துக்கு ஓர் ஆளை அனுப்பிவிட்டு இருக்கிறவர் யாராவது இதைப் படித்தால், எதைச் செய்வதென்று அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவன் இன்னும் லைனில்தான் இருக்கிறான்.