வெட்டி எடுத்த மௌனம்

அந்த நகைச்சுவைப் படத்திலிருந்து வெட்டி எடுத்த நாற்பத்தொரு நிமிட மௌனம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எடிட்டிங் அறையின் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனது. காவலாளி தடுக்கவில்லை, உள்ளே வருகிறவர்களை விசாரிப்பதுதான் அவர் வேலை.

கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாணியில் எடுத்த புதுப்படம் அது. விவாகரத்தான இருவர் ஒரே வீட்டில் மாட்டிக்கொண்டு வாய் ஓயாமல் சண்டை போட்டு, கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். இயக்குநரும் எடிட்டரும் நிஜத்தில் கணவன் மனைவி, விவாகரத்துக்கு மனுவும் போட்டிருந்தார்கள் என்பதால் வசனத்துக்கு யாரும் சிரமப்படவில்லை. கல்யாணமான ஒன்பது வருடத்தில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்ததாகச் சரித்திரமே இல்லை. அவன் "எனக்கு என்ன தோணுதுன்னா" என்று ஆரம்பிக்கும்போதே அவள் பதிலில் பாதி தாண்டியிருப்பாள். படமும் அந்த வேகத்தில் ஓடட்டும் என்று, வசனங்களுக்கு நடுவில் இருந்த மூச்சு, தயக்கம், பார்வை எல்லாவற்றையும் அவள் கத்தரித்துத் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

புதன்கிழமை சிலருக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள். முதல் நகைச்சுவைக்கே அரங்கம் விழுந்து விழுந்து சிரித்ததில் அடுத்த ஏழு வசனம் யார் காதிலும் விழவில்லை. தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மனுஷன் சிரிக்க ஒரு இடம் விடக் கூடாதா? வெட்டினதை எல்லாம் திரும்ப ஒட்டுங்க!" ஒட்டலாமென்று போய்ப் பார்த்தால் வைத்த இடம் காலி.

அது ஊருக்குள் உலவிக்கொண்டிருந்தது. முடிவெட்டும் கடையில் முப்பது வருடமாக ஓயாத வாய் நான்கு நிமிடம் ஓய்ந்தது. நாற்காலியில் இருந்தவர் பயந்துபோய் எழுந்து தண்ணீர் கொடுத்தார். மாடி வீட்டு மாமியாரும் மருமகளும் பாதிச் சண்டையில் நின்று, ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் போர்வையை மடித்து வைத்தார்கள். எடிட்டர் தேடிப்போன இடத்திலெல்லாம் அது அப்போதுதான் கிளம்பியிருந்தது.

வெள்ளிக்கிழமை வழக்கு. "பிரியறதுல ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே?" என்று நீதிபதி கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அப்போது மௌனம் உள்ளே வந்து, அவர்களுக்கு நடுவில் இருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தது. பதினொரு நிமிடம் மின்விசிறி மட்டும் சுற்றியது. தட்டச்சர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அவன் தன் வெள்ளைச் சட்டையில் ஒரு பொத்தானைக் கறுப்பு நூலால் தானே தைத்திருப்பதை அவள் பார்த்தாள். இவனை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை.

பதினொரு நிமிடம் முடிந்ததும், "நீ சொல்லு" என்றாள்.

"எனக்கு என்ன தோணுதுன்னா," என்று ஆரம்பித்தவன், அவள் குறுக்கே வராததால் தடுமாறி, "எதுவா இருந்தாலும் கடைசில நீ சொல்றதுதான் சரியா இருக்கு" என்றான்.

"ஒம்பது வருஷமா இப்படித்தான் முடிப்பியா?"

"முடிக்க விட்டாத்தானே."

நீதிபதி அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார். மௌனம் அவர்களோடு காரின் பின்சீட்டில் வந்தது. படம் முப்பது நிமிட மௌனத்தோடு வெளியாகி நன்றாகவே ஓடியது. மீதி எங்கே என்று தயாரிப்பாளர் கேட்டதற்கு, வெட்டும்போது வீணாகிவிட்டது என்று எடிட்டர் சொன்னாள். அந்தப் பதினொரு நிமிடம் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. சண்டை ஆரம்பித்தால் வந்து நடுவில் உட்காரும். அதற்கென்று ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.